முன்னூற்று முப்பத்தாறு மணி நேரம்

கூடத்தில் ஐந்து ஆண்கள் தலையைக் குனிந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். எதிரே ஜன்னலோரம் இரண்டு நீளமான கறுப்புப் பெட்டிகள்.

எல்ஸ்பெத் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். ஒரு கோப்பை லேசாகக் கிணுங்கியது.

"ஷ்ஷ்! இந்த நேரத்துலதான் வரணுமா?" என்று சீறினார் இன்னஸ்.

துக்க வீடு என்று நினைத்துவிட வேண்டாம். அபர்டீன் ஹைஃபை சங்கம் அவள் கணவன் முர்டோ வாங்கிய ஸ்பீக்கர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறது. தரையில் நிற்கிற ஜோடி, நானூறு பவுண்டு. இன்னஸ் சங்கத் தலைவர். அவர் வீட்டு ஸ்பீக்கர் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். யாரும் கேட்காமலேயே அதை அவர் சொல்லிவிடுவார்.

மாத ஆரம்பத்தில் இதே ஸ்பீக்கர்களைக் கேட்டுவிட்டு இதே இன்னஸ் மூக்கைச் சுளித்தார். "தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கு முர்டோ." முர்டோ அதை அப்படியே சங்கத்தின் இணையப் பக்கத்தில் 'என் அனுபவம்' என்று எழுதிப் போட்டான். சொந்தமாகக் காது என்று ஒன்று இருந்தால்தானே சொந்த அனுபவம் வரும்!

ஆனால் சங்கத்துக்காரர்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. புதுச் செருப்பு கடிக்கும், போகப்போகப் பழகும், ஸ்பீக்கரும் அப்படித்தானாம். முன்னூறு மணி நேரம் நிறுத்தாமல் பாட விட்டால் தானாகத் திருந்திவிடுமாம்.

முர்டோவுக்குக் கடல் நடுவே எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். கிளம்புகிற அன்று பாட்டைப் போட்டுவிட்டு, "ராத்திரி பகலா ஓடணும், புரியுதா? அப்பவும் திருந்தலைன்னா கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம். உன் மெஷினை மறுபடி இங்கயே போட்டுக்க" என்றான். பதிலுக்குக்கூட நிற்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஜன்னலோரம் எல்ஸ்பெத்தின் தையல் மெஷின் இருந்த இடம். நடனமாடும் பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட கில்ட் பாவாடை தைப்பவள் அவள். மடிப்புக்கு மடிப்பு கட்டம் பொருந்த வேண்டும். பகல் வெளிச்சம் இல்லாமல் ஆகாது. ஸ்பீக்கர் வந்த நாளிலிருந்து மாடிப்படிக்கு அடியில், ஒற்றை பல்பில், விரல் விறைக்கத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கடையில் திருப்பிக் கொடுப்பதற்கான கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

இன்று காலை வீடு திரும்பிய முர்டோ, பெண்டாட்டி முகத்தைப் பார்க்கும் முன் நாள்காட்டியைப் பார்த்தான். பதினாலு நாள், நாளுக்கு இருபத்து நாலு. முன்னூற்று முப்பத்தாறு மணி நேரம்! பாட்டு நின்றிருந்ததும் சரிதான், கணக்குத்தான் தீர்ந்துவிட்டதே. உடனே சங்கத்துக்குத் தகவல் பறந்தது.

எல்லோரும் வந்ததும் இன்னஸ், எல்ஸ்பெத்தின் தையல் நாடாவையே வாங்கி, மண்டியிட்டு, சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே அளந்தார். அன்று வைத்த இடம்தான், நூலளவு நகரவில்லை. முர்டோ பயபக்தியோடு பொத்தானை அமுக்கினான்.

பாட்டு ஆரம்பித்ததும் பூனை கூடையிலிருந்து எழுந்து வந்தது. ஓடி ஓடிச் சூடேறிய ஆம்ப்ளிஃபயர் மேல் படுப்பதென்றால் அதற்கு உயிர். ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது, காலை உதறிக்கொண்டு இறங்கியது, மறுபடி கூடைக்கே போய்ச் சுருண்டுகொண்டது.

"பூனைக்கே தெரியுது, பாஸ் சத்தம் எப்படி அதிருதுன்னு!" என்று கிசுகிசுத்தார் இன்னஸ். அதன்பிறகுதான் எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

பாட்டு முடிந்தது. யார் முதலில் பேசுவது என்று நாலு பேரும் தலைவர் வாயைப் பார்த்தார்கள்.

"அடேயப்பா!" என்றார் இன்னஸ். "இதுவா அந்தத் தகர டப்பா? தேனா இறங்குதேய்யா!"

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. "திரை விலகின மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். "பாடற பொண்ணு எச்சில் முழுங்கறதுகூட கேட்டுச்சு" என்றார் இன்னொருவர்.

"எனக்கு அன்னைக்குக் கேட்ட மாதிரியேதான் இருக்கு" என்றாள் எல்ஸ்பெத்.

ஐந்து பேரும் சிரித்தார்கள்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லைம்மா" என்றார் இன்னஸ். "நாள் முழுக்க மெஷின் கடகடத்த காது. இதுக்கெல்லாம் பழகின காது வேணும்."

முர்டோ மடிக்கணினியைத் திறந்து, உரக்கப் படித்துக்கொண்டே எழுதினான். "முதல் நாள் தகரம். முன்னூற்று முப்பத்தாறு மணி நேரம் ஓடிய பின் தேன். இந்த வித்தியாசம் தெரியாதவன் செவிடன்." எழுதியதைப் போட்டும் விட்டான். போட்ட கையோடு இன்னஸ் அதன் கீழே 'உண்மை' என்று எழுதி, தன் பெயரையும் போட்டார்.

"கடைக்குக் கிளம்பலையா முர்டோ? மணி நாலாச்சு" என்றாள் எல்ஸ்பெத்.

"உனக்கென்ன பைத்தியமா? இது இனிமே இங்கதான். உன் கில்ட்டுக்கு மாடிப்படி அடியே போதும்."

எல்ஸ்பெத் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கித் தட்டில் வைத்தாள். ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டிகள் இரண்டையும் நடைவழியிலிருந்து இழுத்து வந்து அவன் காலடியில் போட்டாள்.

"நீ கிளம்பின அஞ்சாவது நிமிஷமே அணைச்சுட்டேன் முர்டோ, இன்னைக்குத்தான் மறுபடி பாடுது."