கைக்கு எட்டும் உயரம்

"இன்னும் ரெண்டு கோடைக்குத் தாங்கும் சார். கேஸ் லீக்குதான். பத்த வச்சு அடைச்சிட்டு, புதுசாக் கேஸ் ஏத்திரலாம்," என்றான் தங்கபாண்டி, ஸ்டூலின் மேல் நின்றபடி.

"கேட்டியோடீ?" கட்டிலில் சாய்ந்திருந்த சாம்பசிவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "ரிப்பேர் மதி, புதுசு வேண்டாம்னு நான் அப்பவே சொல்லலியா?"

"சொன்னேள், சொன்னேள். ஆபீஸ் ஏலத்துல எடுத்த ஏசி. அங்க இருந்தவாளெல்லாம் ரிட்டயர் ஆயாச்சு. இதுக்கு மட்டும் இன்னும் சர்வீஸ் பாக்கி," என்றாள் ஜெயலக்ஷ்மி.

தங்கபாண்டியும் சிரித்தான். பாவூர்சத்திரத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் ரிப்பேர் கடை போட்டவன். கரமனையில் இந்த வீட்டு ஏசிக்கு ஆரம்பத்திலிருந்தே அவன்தான் வைத்தியன்.

"நான் கொல்லைப்பக்கம் போய் வெளிப்பாகத்தைப் பாக்கேன். குரல் கொடுத்ததும் ஏசியில இருக்க சுவிட்சைப் போடுங்க மாமி."

"எனக்கெங்கே எட்டும்? இவர்தான் போடணும்."

சுவரை இடிக்கச் செலவாகும் என்று, உயரத்தில் வெண்டிலேட்டர் இருந்த ஓட்டையிலேயே ஏசியை மாட்டச் சொல்லியிருந்தார் சாம்பசிவன். அவர் நல்ல உயரம். நடுராத்திரியில் ஜெயலக்ஷ்மிக்குக் குளிரெடுத்தால், அவர்தான் எழுந்து அணைப்பார்.

இப்போதும் எழுந்தார். நிமிர்ந்து நிற்கச் சற்று நேரம் பிடித்தது. கையை உயர்த்தியபோது சட்டைக்கை நழுவி, முழங்கை வெறும் எலும்பாகத் தெரிந்தது.

கொல்லையில் மேட மாதத்துச் சித்திரை வெயில் கொளுத்தியது. தங்கபாண்டி திரும்பிப் பார்த்தான். ஜெயலக்ஷ்மி பின்னாலேயே வந்திருந்தாள்.

"தங்கபாண்டி, உள்ளே வந்து, இது இனிமே தேறாதுன்னு சொல்லிடு."

"நல்லா ஓடுமே மாமி. எதுக்கு வீண் செலவு?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அவருக்கு வயித்துல கட்டி. திறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டா. ஆடி தாண்டினாப் பெரிசுன்னு டாக்டர் சொன்னது எனக்கும் பிள்ளை சுமந்துக்கும் மட்டும்தான் தெரியும். பெங்களூர்லேர்ந்து அவன் தினமும் போன் பண்ணி அழறான். அவர்கிட்ட அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்."

தங்கபாண்டி கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"உடம்பெல்லாம் எரியறதுங்கறார். இருக்கற வரைக்கும் ஒரு ராத்திரிகூட இது நின்னு போகப்படாது. நானாப் புதுசு வேணும்னு பிடிவாதம் பிடிச்சா, சந்தேகம் வந்துடும். இத்தனை வருஷத்துல நான் எதுக்கும் பிடிவாதம் பிடிச்சதில்லை. நீ சொன்னா நம்புவார்."

இருவரும் உள்ளே வந்தபோது சாம்பசிவன் மறுபடி கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"என்னப்பா, குரலே கொடுக்கலை? கை தூக்கிண்டு நின்னதுதான் மிச்சம்."

"சார்... பின்னால பாத்தேன். கம்ப்ரஸரே போயிட்டு. இனி தேறாது."

சாம்பசிவன் அவனைப் பார்த்தார். பிறகு, நிலைப்படியருகே நின்று தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"தேறாதா?"

"தேறாது சார்."

"அப்போ சரி. புதுசே வாங்கிடலாம்."

பேரம் இல்லை, கேள்வி இல்லை. இவ்வளவு சுலபமாக முடியும் என்று ஜெயலக்ஷ்மி எதிர்பார்க்கவில்லை.

"இருப்பா, காப்பி கலந்துண்டு வரேன்," என்று வேகமாகச் சமையலறைக்குப் போனாள்.

டம்ளர் சத்தம் கேட்கும்வரை சாம்பசிவன் காத்திருந்தார்.

"தங்கபாண்டி, புதுசைப் பழைய ஓட்டையில மாட்டாதே. ஜன்னலுக்குப் பக்கத்துல, கீழே, சுவரை இடிச்சு வை."

அவன் திகைத்தான். "சுவரை எதுக்கு சார் இடிக்கணும்? அந்த ஓட்டைக்கே சரியா வருமே. உங்களுக்கு எட்டத்தானே செய்யுது?"

"அவளுக்கு எட்டணும். ராத்திரி குளிர்ந்தா, இனிமே அவதானே எழுந்து அணைக்கணும்."

சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏன் இடிக்கறேன்னு கேட்டா, புதுசு கொஞ்சம் பெரிசு, ஓட்டை பத்தலைன்னு சொல்லிடு. இப்போ எங்கிட்ட ஒண்ணு சொன்னியே, அதே மாதிரி."