ரங்கூன்காரர் வீட்டுப் பெண்

"ரங்கூன் சுவேதகோன் கோயிலுன்னா, செருப்பக் கீழயே கழட்டிரணுங்க. அதுக்கப்புறம் உச்சி வரைக்கும் வெறுங்காலுதான். மத்தியான வெயில்ல சலவைக்கல்லு மேல கால வச்சா வெந்துபோகும்," என்றார் முனிராஜ். சொல்லும்போதே பாதங்களை உள்ளிழுத்துக்கொண்டார்.

எதிரில் நாற்காலியில் கிருஷ்ணப்பன் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பெண் கேட்டு, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி மாரண்டஹள்ளிக்கு வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பொறந்த கெழம சாமியச் சொல்லுங்க," என்று தரகர் ராஜப்பன் எடுத்துக்கொடுத்தார். அவர் பலமுறை கேட்டவர்.

"கெழமைக்கு ஒரு மூலைங்க. நான் வெசாழக்கெழம. அந்த மூலையில இருக்கிற புத்தருக்குத்தான் நான் தண்ணி மோந்து ஊத்தணும்."

"இவரு சொல்ல ஆரம்பிச்சா கேக்கறவனுக்குக் காலு வலிக்கும்," என்று ராஜப்பன் சிரித்தார். "இவரும் ரங்கூன்ல இருந்தவரு, நீங்களும் ரங்கூன்ல இருந்தவரு. அதாங்க இந்த எடத்தக் கொண்டாந்தேன். அங்கியே எதுக்க எதுக்கப் போயிருப்பீங்க."

"பெரிய ஊருங்க," என்றார் கிருஷ்ணப்பன்.

சமையலறையில் மனைவி சாலம்மாள் கரண்டியை நிறுத்துவது முனிராஜுக்குக் கேட்டது.

அவர் ரங்கூனைப் பார்த்ததே இல்லை. லாரி கிளீனராக இருந்தபோது ஆம்பூர்ப் பக்கம் ஒரு சண்டை. அவர் தள்ளி விழுந்தவன் எழவில்லை. வேலூர் ஜெயிலில் எட்டு வருடம்.

புருஷன் கப்பலேறிப் போய்விட்டதாகச் சாலம்மாள் ஊரில் சொல்லிவைத்தாள். அவர் விடுதலையான வருடம் பர்மாவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராக அவரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ரங்கூனை அவருக்குக் காட்டியவர் ஜெயில் கொட்டடியில் கூட இருந்த சவுரியப்பன். ஒரு காலத்தில் அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்.

வெளியே வந்த பிறகும் முனிராஜ் அந்தக் கோயில் படிகளைப் பேச்சில் ஏறிக்கொண்டேயிருந்தார். டீக்கடையில் ஏறினார், கல்யாண வீட்டில் ஏறினார். யார் கேட்டாலும் ஏற வேண்டியிருந்தது. அலுத்துவிட்டது.

இன்று மகள் கண்ணம்மாளுக்காக ஏறினார். ஜெயிலுக்குப் போனவன் மகள் என்று தெரிந்தால் இந்த இடம் எழுந்து போய்விடும். இனி எந்த இடமும் வராது. அவளுக்கே அது தெரியாது.

சாலம்மாள் உப்புமா கொண்டுவந்து வைத்தாள். கிருஷ்ணப்பன் தட்டை வயிற்றோடு சேர்த்து, இடது கையால் வளைத்துக்கொண்டு, தலை தூக்காமல் வேகமாகத் தின்றார். தட்டு காலியான பிறகுதான் பேசினார்.

"சூலே கோயிலு எங்க இருக்குதுங்க?"

"நடு ரோட்டுலங்க. சுத்தியும் பஸ்ஸு போகும்."

"படுத்த புத்தரு?"

"பாத்திருக்கறனுங்க. பாதமே இந்த வூட்டளவு இருக்கும்."

"நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்களேன், பரிச்சைக்குக் கேக்கற வாத்தியாராட்டம் கேட்டுக்கிட்டே இருக்கறீங்க," என்றார் ராஜப்பன்.

"எனக்குச் சொல்ல வராதுங்க." கிருஷ்ணப்பன் தட்டைக் கீழே வைத்தார். "சுவேதகோன் கோயில்ல, கெழக்கு வாசப்படியில ஒரு பூக்காரி. ஒத்தக்கண்ணு. நல்லாத் தமிழ் பேசுவா. பாத்திருக்கறீங்களா?"

பூக்காரியைப் பற்றி முனிராஜ் யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் சவுரியப்பனின் குரல் இறங்கிப்போகும். அது அடுத்தவன் சொத்து என்று தொடாமல் விட்டிருந்தார்.

அவளைத் தெரிந்தவர் எதிரில் இருக்கிறார். உண்மையாகவே அங்கே வாழ்ந்த மனிதர். தெரியாது என்றால் மாட்டிக்கொள்வோம் என்று தோன்றியது.

"இருந்தா," என்றார். "ஒரு முழம் கேட்டா ஒரு சாண் சேத்துத்தான் குடுப்பா."

கிருஷ்ணப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "கை களுவணும்."

முனிராஜ் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். அங்கே ஓர் எருமை மட்டும் படுத்திருந்தது.

கிருஷ்ணப்பன் கையை நீட்டினார். "ரங்கூன்ல அப்படி ஒரு பூக்காரி கெடையாதுங்க."

தண்ணீர் கையில் விழாமல் காலில் விழுந்தது. முனிராஜ் செம்பை நிமிர்த்தினார். உள்ளே கண்ணம்மாள் காபி டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றார். "எழுந்து போறதுன்னா போயிருங்க. பொண்ணு பிடிக்கலன்னு மட்டும் சொல்லிராதீங்க. நெறத்தச் சொல்லுங்க, சாதகத்தச் சொல்லுங்க... இல்ல, எம் மேல எதனாச்சும் சொல்லுங்க."

கிருஷ்ணப்பன் செம்பை வாங்கித் தானே கையைக் கழுவிக்கொண்டார். துண்டால் விரல் விரலாகத் துடைத்தார்.

"பொழுது போகாம அவரா கட்டிவிட்டது அந்தப் பூக்காரி. எங்கிட்டயும் ரொம்ப நாளு நெசம்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. கடைசியிலதான் ஒத்துக்கிட்டாரு."

"யாரு?"

"சவுரியப்பன்."

முனிராஜ் அவரைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் வாசல் பக்கம் திரும்பி, ராஜப்பன் வருகிறாரா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உள்ள இருந்தப்ப உங்களப் பாக்கலியே. நீங்க எந்த வருசம் இருந்தீங்க, சம்பந்தி?"