ஈசல் நகரசபையின் ஐம்பது வருஷக் கடன்

மழைத்தண்ணீர் புகுந்து புற்றிலிருந்த முட்டைகள் மிதந்துபோனதால், கரை கட்டக் கல் கேட்டு ஈசல் நகரசபைத் தலைவர் ஆமையிடம் வந்தார். ஐம்பது வருஷத் தவணையில் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

"உங்க ஆயுசே ஒரு நாள்தானே?" என்று ஆமை தயங்கியது.

"அதனாலதான் அண்ணே, ஐம்பது வருஷம்னா எங்களுக்குக் கட்டுப்படியாகும்."

முட்டைகள் மிதந்ததை ஆமையும் பார்த்திருந்தது. மனசு கேட்காமல், தன்னிடமிருந்த கல்லையெல்லாம் சுமந்துவந்து கொடுத்தது. கரை எழுந்தது, புற்று பிழைத்தது.

மறுவருஷம் முதல் தவணை கேட்டுப் போனபோது புதுத் தலைவர் வரவேற்றார்.

"வெள்ளமா? இங்க வந்ததே இல்லையே அண்ணே! ஆனா நல்ல நேரத்துல வந்தீங்க. எதிர்ல ஏதோ கல்மேடு வெளிச்சத்தை மறைக்குது. அதை இடிக்கணும். எத்தனை வருஷக் கடன் தருவீங்க?"