எண்ணெய்த் தலை

கண்ணகையின் தலையில் கை வைத்த ஆஸ்பத்திரி மிஸ்ஸி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

எண்ணெய். தேங்காயெண்ணெய்.

அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. உச்சியில் வைத்து நன்றாகத் தேய்த்து, வகிடெடுத்து வாரிக் கொண்டை போட்டிருக்கிறாள் என் மனைவி. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்ததால் வழியில் என் கண்ணில் படவில்லை.

எனக்குத் தலைக்குள் விறுவிறென்று ஏறியது. போன மாதமே துண்டில் எழுதித் தந்திருந்தார்கள். தலை முழுகி வர வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் கூடாது, எண்ணெய் இருந்தால் வயர் ஒட்டாது. நேற்றுப் பின்னேரம் அவளைக் கிணற்றடியில் இருத்தி, ஷாம்பு போட்டு நானே முழுக வார்த்தேன். மண்வெட்டி பிடிக்கிற கையால் பெண்சாதியின் தலைக்கு நுரை எடுத்தேன். அயலட்டை வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

எல்லாம் பாழ்.

மெஷின் கொழும்பிலிருந்து வந்தது. தலை முழுக்க வயர் ஒட்டினால் மூளைக்குள் ஓடுகிற அலை தாளில் கோடு கோடாக விழுமாம். மனம் விழுந்துபோன ஆட்களுடைய கோடு மற்றவர்களுடையதைப்போல இருக்காதாம். இங்கே இரண்டு நாள்தான் நிற்கும். இன்று இரண்டாவது நாள். இனி எப்போது வருமென்று கேட்டால், பாதை திறந்திருந்தால் வரும் என்கிறார்கள்.

கோட்டில் பிழை தெரிந்தால் அதற்கேற்ற மருந்து தருவார்கள், கண்ணகை பழையபடி எழும்பி நடமாடுவாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் கொக்கட்டிச்சோலையிலிருந்து விடிய வெளிக்கிட்டு, தோணிக்குக் காத்து நின்று, மூன்று ராணுவச் சென்றியில் இறங்கி ஏறி, பையைக் கொட்டிக் காட்டிவிட்டு வந்தோம்.

எங்கள் பெரிய மகன் பச்சை மிளகாய்ச் சாக்கோடு செங்கலடிச் சந்தைக்குப் போனவன். சைக்கிளை யாரோ கொண்டுவந்து தந்தார்கள். ஆள் வரவில்லை.

செத்தவீடென்றால் முப்பத்தொன்று கழியத் தலைக்கு எண்ணெய் வைக்கலாம். அவன் செத்தானென்று எங்கள் வீட்டில் வந்து சொல்ல ஆளில்லை. எந்த நாளிலிருந்து முப்பத்தொன்றை எண்ணுவது? பதினொரு மாதமாக அந்த வீட்டில் எண்ணெய்ப் போத்தலை ஒருவரும் தொடவில்லை.

ஓம், இல்லை என்பதைத் தவிர கண்ணகையின் வாயிலிருந்தும் ஒரு சொல் வருவதில்லை. அதனால் காலையில் படிவத்தை நிரப்பும்போது அவளுக்காக நான்தான் பதில் சொன்னேன். மிஸ்ஸியின் பெயர் ஹிதாயா, காத்தான்குடிப் பிள்ளை. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

நித்திரை? இல்லை. விடியுமட்டும் கூரையைப் பார்த்தபடிதான், பக்கத்தில் முழித்துக் கிடக்கிற எனக்குத் தெரியாதா?

சாப்பாடு? இரண்டு பிடிக்கு மேல் இறங்காது. வேலைவெட்டி? எல்லாம் விட்டாச்சு. வயல் வட்டை முழுவதும் விதைத்துவிட்டார்கள், எங்கள் காணியில் மட்டும் புல். நோயாளியை வைத்துக்கொண்டு யார் விதைப்பது?

எதற்கெடுத்தாலும் எரிச்சலா என்றாள். ஓம் என்றேன். அந்தக் கேள்விக்கு மட்டும் கண்ணகை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

இருந்து என்ன பிரயோசனம் என்கிற எண்ணம் வருமா?

அதற்கும் ஓம் என்றேன். அவள் சொல்லாமல் அது எப்படித் தெரியுமென்று மிஸ்ஸி கேட்கவில்லை. அத்தனைக்கும் சரி போட்டுக்கொண்டு போனாள்.

இப்போது அதே மிஸ்ஸி கைகளைத் துணியில் துடைத்தபடி, இந்தத் தலையில் வயர் நிற்காது, இங்கே முழுக வைக்கத் தண்ணியும் இல்லை, முழுகினாலும் இந்தக் கூந்தல் காய்வதற்குள் மெஷினைக் கட்டிவிடுவார்கள் என்றாள். நோயாளியை இருத்துகிற கதிரை சும்மா கிடந்தது. வயர்கள் அதன் கையில் தொங்கின.

நான் வெடித்துவிட்டேன்.

"பதினொரு மாசமாத் தொடாத எண்ணெய், இண்டைக்குத்தானா உனக்குக் கேட்ட?"

சுவரோர வாங்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஷாம்பு, தோணி, சென்றி என்று ஒன்றையும் விடவில்லை. மிஸ்ஸி என்னை இருக்கச் சொன்னாள், நான் இருக்கவில்லை.

கண்ணகைதான் எழுந்து வந்தாள்.

தோணித் துறையில் வெயிலுக்குக் கட்டிய துவாய் இன்னும் என் தலையில் இருந்தது. அதை அவிழ்த்தாள். எண்ணெய் மினுங்குகிற கையால் என் தலையைத் தொடப் போனவள், ஏதோ நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, இவர்ர தலையிலயும் பதினொரு மாசமா எண்ணெய் இல்ல. இவர இருத்திப் பாருங்க."

அவளுடைய குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு ஒன்றுமில்லை, நான் நோயாளியைக் கூட்டிவந்தவன் என்று சொல்லப் பார்த்தேன். மிஸ்ஸி என் தலையில் விரலை ஓட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

அழுகை வந்தது. கதிரையில் இருந்தேன்.

காலையில் நிரப்பிய படிவத்தை எடுத்து, மேலே இருந்த கண்ணகை என்ற பெயரை வெட்டினாள். என் பெயரைக் கேட்டாள். நல்லரத்தினம் என்றேன்.

பிறகு அதே கேள்விகளை முதலிலிருந்து வாசித்தாள். ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன்.

ஒரு சரியையும் அவள் மாற்ற வேண்டியிருக்கவில்லை.