அடுத்த சாம்பிள்

கரு கலைந்து ஐந்து மாதம். இப்போது பதினோரு நாள் தள்ளிப்போகவே, லேப் டெக்னீஷியனான அவள் தன் சோதனையைத் தானே செய்து பார்த்தாள். ஒற்றைக் கோடுதான் விழுந்தது.

"மனசைத் தளர விடாதீங்கக்கா," என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

"நல்லவேளை, அவர்கிட்ட சொல்லலடி. 'உன் உடம்பு தேறட்டும், குழந்தைக்கு என்ன அவசரம்'னு தாங்குற மனுஷன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளி கிளினிக்கிலிருந்து வந்த அடுத்த சாம்பிளை எடுத்தாள். இரட்டைக் கோடு. யாரோ புண்ணியவதி!

சீட்டில், 'கணவருக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரு நம்பர். லேப் போனில் அழுத்தினாள். நாலாவது எண்ணுக்கு மேல் சீட்டைப் பார்க்கத் தேவைப்படவில்லை, விரல்களுக்கே தெரிந்திருந்தது.

"லேப்ல இருந்தா? சொல்லுங்க மேடம், நல்ல செய்திதானே?"

தினமும் அவளைத் தேற்றும் அதே குரல். அதில்தான் எத்தனை அவசரம்!