காவலுக்கு ஒரு குதிரை

குதிரையை விட்டுப்போக இதற்கு முன் பார்த்த லாயங்களிலும் கொள்ளும் புல்லும் நன்றாகத்தான் இருந்தன. ஜெயசீலன் தேடியது வேறு. குதிரை படுத்துத் தூங்க வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொன்று விழித்து நிற்க வேண்டும். துணைக் குதிரை செத்த நாளிலிருந்து அவனுடைய ரோசி படுக்கவேயில்லை. நின்றபடியே கண் சொருகும், முன்னங்கால் மடங்கி விழும், திடுக்கிட்டு எழும். முழங்காலெல்லாம் புண்.

லாயத்துக்காரி பரிமளம் கதவைத் திறந்தாள். உள்ளே வரிசையாகக் கிழட்டுக் குதிரைகள் தள்ளாடிக்கொண்டு நின்றன. எல்லாவற்றின் முழங்காலிலும் அதே புண்.

"இதுல எது காவலுக்கு நிக்கும்?"

"எதுவும் நிக்காதுண்ணே. ஒவ்வொண்ணும் இன்னொண்ணு நிக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கு. நானே நின்னு பாத்துட்டேன், என்னை நம்ப மாட்டேங்குது."

வேறு போக்கிடமில்லை. ரோசியை வரிசையின் கடைசியில் விட்டு, பிடரியைத் தடவியபடி சற்று நேரம் நின்றான். ரோசி நீளமாக மூச்சு விட்டது. கால்களை மடக்கி, மெல்லச் சாய்ந்து, வைக்கோலில் படுத்தது. அடுத்த குதிரை ரோசியைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது, அதுவும் படுத்தது. அதைப் பார்த்து அதற்கடுத்தது. இப்படியே லாயம் முழுவதும் கால் நீட்டித் தூங்கியது.

"உங்களை ஏத்திட்டு வந்த வண்டிக்காரர் கூப்பிடுறாருண்ணே," என்று பரிமளம் வாசலிலிருந்து கிசுகிசுத்தாள்.

போவதற்காக ஜெயசீலன் ஒரு காலைத் தூக்கினான். வரிசை முழுவதும் காதுகள் நிமிர்ந்தன.