கழற்றிய திருகு

ஜன்னல் வெயில் எண்ணெய் பாட்டில்களின் கழுத்தில் மஞ்சளாக நிற்கிறது. சுவரோரம், அளவு சரியில்லை என்று கடைகள் திருப்பி அனுப்பிய பெட்டிகள். நிரப்பும் இயந்திரத்தில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்த இடம் மொட்டையாக இருக்கிறது. கழற்றிய திருகு தங்கையின் மூடிய கைக்குள் சுடுகிறது. காலையிலிருந்து, ஒரு பாட்டிலில் எண்ணெய் குறைந்தால் அண்ணன் வலப்பக்கம் திருகினான், அடுத்தது வழிந்தால் இடப்பக்கம் திருகினான்; இயந்திரமும் பேய் பிடித்ததுபோல் ஆடியது. "குடு அதை. மெஷினையே மாத்தணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிறேன், உனக்கு விளையாட்டா இருக்கா?" அவள் மசியவில்லை. "மாத்திக்கலாம் அண்ணா. முதல்ல நாம கைவைக்காம அது எப்படி ஓடுதுன்னு பார்ப்போம்." டக், டக் என்று பாட்டில்கள் நகர்கின்றன. அண்ணன் குனிந்து பார்க்கிறான். எல்லாவற்றிலும் எண்ணெய், அளவுக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, பிசகாமல் நிற்கிறது. "எல்லாமே குறையுதே, அறிவிருக்கா உனக்கு?" "குறையட்டும். எல்லாம் ஒரே அளவாதானே குறையுது, ஆட்டம் நின்னுடுச்சு பாரு. இனிமேதான் இதுக்கு வைத்தியமே பார்க்க முடியும்." அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். அண்ணனின் விரல்கள் மட்டும் அந்த மொட்டை இடத்துக்கு முன்னால் வெறுங்காற்றைத் திருகிக்கொண்டே இருக்கின்றன.